முருகைக்கல்லும் துகிரும்

பவளம் என்றால் நம் புலவர்க்கு இதழின் செம்மையன்றி வேறொன்றும் தோன்றுவதில்லை. பட்டினப்பாலையும் புகாரிற் குவிந்த பண்டங்களை எண்ணுமிடத்துக் கீழ்க்கடலின் துகிரைச் சேர்த்தே எண்ணுகிறது. அணிகலனாகும் அச்செம்பவளம் வேறு. யாழ்ப்பாணத்தார் முருகைக்கல் என வழங்கும் பவளம் வேறு. முன்னதை நகைப்பெட்டியிற் பூட்டினோம்; பின்னதைச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கினோம்.

முருகையின் பெருமையை அறிய விரும்புவோர் நெடுந்தீவுக்குச் செல்லவேண்டும். புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிற் படகேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். அங்கே வளவுகளுக்குக் கிடுகு வேலியன்று, முருகைக்கல் மதிலே காவல். சாந்து சிறிதுமின்றிக் கல்மேற் கல்லாக அடுக்கியிருக்கிறார்கள். கடற்காற்று இடுக்குகளினூடே புகுந்து போகும், மதில் சாய்வதில்லை. ஒல்லாந்தர் கோட்டையின் எஞ்சிய சுவர்களும் இக்கல்லே. ஒரு துண்டை எடுத்து உற்றுநோக்கினால் தேனடை போன்ற நுண்துளைகள். ஒவ்வொன்றினுள்ளும் பூவிதழ்போல விரிந்த கோடுகள். துளைக்கொரு சிற்றுயிர் வாழ்ந்து, சுண்ணத்தாற் கட்டிய மனை அது.

நீர் வற்றிய வேளையிற் கரையோரம் நடந்தோம். உடன்வந்த மாணாக்கர் பாறையில் ஏற முற்பட்டபோது, வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "தம்பிமார், கல்லெண்டு மிதிச்சுப் போடாதையுங்கோ, உது உயிரோட கிடக்குது" என்றார்.

அவர் கூறியது முற்றும் உண்மை. அச்சிற்றுயிரின் உடலுக்குள் கண்ணுக்குப் புலப்படாத பாசி குடியிருக்கிறது. வெயிலொளியைக் கொண்டு அது சமைக்கும் உணவிற் பெரும்பங்கு முருகைக்குச் சேரும். கடல்நீர் அளவுமீறிச் சூடேறின் இந்த உறவு முறியும். பாசி வெளியேற முருகை வெளிறும். சூடு நீடித்தால் மடியும். 1998இல் ஹிக்கடுவைப் பவளம் அவ்வாறே பெரிதும் அழிந்தது. திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. திரண்டு வளரும் முருகை ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே பெருக்கும். எனவே மதிலிலுள்ள ஒரு கல் நம் பாட்டன்மாரினும் மூத்ததாக இருக்கலாம்.

1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தை 1988இல் திருத்திக் கடலிற் பவளம் அகழ்வதைத் தடுத்தனர். ஹிக்கடுவை 2002இலும் புறாத்தீவு 2003இலும் தேசிய பூங்காக்களாயின. நெடுந்தீவின் ஒரு பகுதி 2015இல் அப்பெயர் பெற்றது. சட்டம் கடப்பாரையைத் தடுக்கும். கடலின் சூட்டைத் தடுக்குமா? திரையின் வேகத்தை முதலில் ஏற்பது முருகைப் பார்தான். நெடுந்தீவோ தாழ்ந்த தட்டை நிலம். பார் நலிந்தால் அலை கரையைத் தின்னும்.

எம் வகுப்பிற் கட்டுரையேடுகளில் இப்போது 'முருகை' என்ற சொல் நுழைந்துவிட்டது. ஒருவன் அதை முருகனோடு சேர்த்துச் சொற்பொருளும் வகுத்திருக்கிறான். அதை மட்டும் அடித்துவிட்டேன்.