கறுத்த கொலுசுக்குள் இருக்கும் வெள்ளி

திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மகளுக்கு வாங்கிய வெள்ளிக் கொலுசு சில மாதங்களிலேயே கறுத்துவிட்டதாம். "பிள்ளைக்கு உடம்புச் சூடு, அதை வெள்ளி இழுக்குது" என்கிறாராம் மாமியார். "கலப்பட வெள்ளியைத் தலையில கட்டிட்டாங்க" என்கிறாராம் பக்கத்து வீட்டு அக்கா. பற்பசை போட்டுத் தேய்த்தால் புதுசாகிவிடும் என்கிறது கைபேசியில் வந்த காணொளி. இதில் எதை நம்புவது?

மூன்றையும் நம்ப வேண்டாம். யாரும் போடாமல் பீரோவுக்குள் கிடக்கும் கொலுசும் கறுக்கிறது. பீரோவுக்கு ஏது உடம்புச் சூடு? கலப்படம் என்பதும் சரியில்லை. சொக்க வெள்ளியும் கறுக்கும், அது வெள்ளியின் குணம். வருடக்கணக்கில் கறுக்காத வெள்ளி நகையைத்தான் மேலே ரோடியம் முலாம் பூசியிருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். கறுப்பை வைத்துத் தரம் பார்க்க முடியாது. அதற்கு ஹால்மார்க் முத்திரை இருக்கிறது. வெள்ளி நகைக்கும் ஆறு இலக்க அடையாள எண்ணோடு முத்திரை பெறும் வசதி 2025 செப்டம்பர் 1 முதல் வந்திருக்கிறது. கட்டாயமில்லை என்றாலும் கேட்டு வாங்கலாம்.

காற்றில் மிகச் சிறிதளவு கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடுதான் கறுப்புக்குக் காரணம். நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே வெள்ளிக்குப் போதும். சாக்கடை, அழுகும் குப்பை, வெடித்த பட்டாசின் சாம்பல் எல்லாம் இதைக் கக்குகின்றன. முட்டை, வெங்காயம் ஆகியவற்றிலும் வெள்ளியைக் கறுக்க வைக்கும் கந்தகம் உண்டு. ஈரப்பதம் சேர்ந்தால் வேலை வேகமாக நடக்கும். கொலுசைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பவர்கள் உடனே அதைக் கழற்றிவிடுங்கள். ரப்பரை உறுதியாக்கச் சேர்ப்பதே கந்தகம்தான். பேண்ட் பட்ட இடம் கோடு போட்டதுபோல் கறுக்கும்.

இப்படி உருவாகும் வெள்ளி சல்பைடு என்ற கறுப்பைப் பலரும் மேலே வந்து ஒட்டிய அழுக்கு என்று நினைக்கிறார்கள். அந்தக் கறுப்பின் எடையில் 87 சதவீதம் வெள்ளி! மீதிதான் கந்தகம். பற்பசையோ விபூதியோ போட்டுத் தேய்த்துத் துணியில் கறுப்பாக எடுத்துவிட்டு மகிழ்கிறோமே, அது காசு கொடுத்து வாங்கிய வெள்ளி. கோயில் கவசங்களிலும் குத்துவிளக்குகளிலும் நுண்ணிய வேலைப்பாடு மழுங்கிப்போவதற்குப் பல காலத் தேய்ப்பும் ஒரு காரணம். புளியும் இங்கே உதவாது. பித்தளை, செம்பின் மேலுள்ள ஆக்சைடை அதன் அமிலம் கரைக்கும். வெள்ளி சல்பைடை அதனால் அசைக்க முடியாது. எலுமிச்சைச் சாற்றில் ஆப்பசோடாவைப் போட்டு நுரை பொங்க வைக்கும் காணொளிகளும் வீண். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, வெறும் உப்புநீர்தான் மிஞ்சும்.

அப்படியானால் அந்த 87 பங்கை நகைக்கே திருப்பித் தர முடியுமா? பெருமளவு முடியும். இந்த வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அடகுக் கணக்கை விழுப்புரம் பக்கம் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. விதைப்புக்கு முன்னால் நகை உள்ளே போகும், மல்லாட்டை பிடுங்கி விற்றதும் வெளியே வரும். வெள்ளி தன் எலக்ட்ரானைக் கந்தகத்திடம் அடகு வைத்திருக்கிறது. கறுப்புதான் அடகுச் சீட்டு. சீட்டு கையில் இருக்கும்வரை நகை தொலைந்ததாகாது. அசலைக் கட்டினால் மீண்டுவிடும். இங்கே அசல் என்பது எலக்ட்ரான். வெள்ளியைவிடப் பல மடங்கு தாராளமாக எலக்ட்ரானை விடும் உலோகம் நம் அடுப்படியிலேயே இருக்கிறது, அலுமினியம். ஓர் அலுமினிய அணு மூன்று எலக்ட்ரான்களைக் கட்டி மூன்று வெள்ளி அணுக்களை மீட்கும்.

ஆனால் அலுமினியம் பணத்தைப் பூட்டி வைத்திருக்கும் பணக்காரர். அதன் மேல் எப்போதும் ஆக்சைடுப் படலம் ஒன்று இறுக மூடியிருக்கும். ஆப்பசோடா கரைத்த சூடான நீர் அந்தப் பூட்டைத் திறக்கிறது. உப்பு, அயனிகள் போய்வரப் பாதை போடுகிறது. கொலுசு அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பணம் கைமாறும் கல்லா அந்தத் தொடும் இடம்தான். விலகினால் கணக்கு நின்றுவிடும். வட்டி உண்டா? உண்டு. அழுகிய முட்டை நாற்றம் லேசாக வரும். சீட்டு கிழிந்து கந்தகம் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். பற்பசைக்காரரோ சீட்டோடு சேர்த்து நகையையும் குப்பையில் போடுகிறார்.

செய்வது எளிது. சமையலுக்கு ஆகாத பழைய அலுமினியச் சட்டி இருந்தால் போதும். இல்லையேல் பார்சல் கட்டும் அலுமினியத் தாளை ஒரு பாத்திரத்தின் அடியில் விரியுங்கள். ஒரு லிட்டர் கொதிநீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்பசோடா, ஒரு கரண்டி மரக்காணம் கல்லுப்பு. கொலுசைப் போட்டு ஐந்து நிமிடம், பிறகு புரட்டிப் போட்டு இன்னும் ஐந்து நிமிடம். சன்னல் திறந்திருக்கட்டும். நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துணியால் ஈரம் போகத் துடைத்து, காற்றுப் புகாத உறையில் வையுங்கள்.

இதையும் மந்திரம் என்று நான் விற்க மாட்டேன். மீண்ட வெள்ளி பழைய வரிசையிலேயே போய் அமர்வதில்லை. துளைகளோடு, பளபளப்பில்லாமல் வெளுப்பாகப் படியும். கொஞ்சம் நீரோடும் போய்விடும். அப்படிப்பட்ட மேற்பரப்பு மறுபடி சீக்கிரம் கறுக்கும். ஆகவே அடிக்கடி செய்யாதீர்கள். வேலைப்பாட்டுக்காக வேண்டுமென்றே கறுக்க வைத்த ஆக்சிடைஸ்டு நகையை இதில் போட்டால் அந்த அழகே போய்விடும். அரக்கு வைத்துப் பதித்த கல் வெந்நீரில் கழன்றுவிடும். முத்தும் பவளமும் பக்கத்திலேயே வரக் கூடாது.

வரலாறு வேண்டுபவர்களுக்கு ஒரு செய்தி. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கியது. அங்கே எஸ். பரமசிவன், அரித்துப்போன வெண்கலச் சிலைகளை மின்சாரத்தால் எலக்ட்ரான் ஊட்டி மீட்டார். அடிப்படை இதேதான்.

தங்கத்தின் கதை வேறு. 22 காரட் தங்கத்தில் 91.6 சதவீதம் தங்கம். அது எளிதில் கறுக்காது. மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் எண்ணெய், மஞ்சள், சந்தனம், சோப்புப் பிசுக்கு. நம் ஆழ்துளைக் கிணற்று நீரின் கால்சியத்தோடு சோப்பு சேர்ந்தால் கரையாத வெள்ளைப் பிசுக்கு உண்டாகி, சங்கிலிக் கண்ணிகளுக்குள் அப்பிக்கொள்கிறது. பத்தர்கள் பூந்திக்கொட்டையைப் பயன்படுத்தியதன் நுட்பம் இங்கே இருக்கிறது. அதன் சபோனின் நுரைக்கும், எண்ணெயை இழுக்கும், ஆனால் கடின நீரில் பிசுக்காகாது. ஊறவைத்த பூந்திக்கொட்டைத் தண்ணீர் வெதுவெதுப்பாக, கூடவே மென்மையான பழைய பிரஷ். அவ்வளவு போதும். கவரிங் நகைக்கு பிரஷ்கூட வேண்டாம்; மேலிருக்கும் தங்கம் அத்தனை மெல்லியது.

வீடு தேடி வந்து "பாலிஷ் போட்டுத் தர்றோம்மா" என்பவர்களைப் பற்றிக் காவல்துறை திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. அவர்கள் கொண்டுவரும் திரவத்தில் ராஜ திராவகம் இருக்கலாம். அதிலுள்ள நைட்ரிக் அமிலம் தங்க அணுவைப் பெயர்க்கும், குளோரைடு அதைக் கரைசலில் பிடித்து வைத்துக்கொள்ளும். மேல்தோல் போன சங்கிலி உண்மையிலேயே பளபளக்கும். குறைந்த எடை கண்ணுக்குத் தெரியாது, தராசில்தான் தெரியும். கரைந்த தங்கத்தைப் பிறகு வேறொரு வேதிப்பொருள் சேர்த்துப் பிரித்து எடுத்துவிடுவார்கள். பகலில் தனியாக இருக்கும் பெரியவர்களிடம் இதை இன்றே சொல்லிவையுங்கள்: வாசலில் வருபவரிடம் நகையைக் கழற்றிக் கொடுக்கக் கூடாது, வற்புறுத்தினால் 100க்கு அழைக்க வேண்டும்.