மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள்

"சித்தப்பா, இது நிஜமா எடுத்த போட்டோவா, இல்ல கலர் அடிச்சதா?"

அண்ணன் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். சாயங்காலம் டீக்கு வந்து உட்கார்ந்தவள் கைபேசியை என் பக்கம் நீட்டினாள். திரையில் 'படைப்பின் தூண்கள்'. கழுகு நெபுலாவுக்குள் எழுந்து நிற்கும் மூன்று தூசித் தூண்கள். பின்னால் நீலமும் பச்சையும் கலந்த ஒளி. தூண்களின் ஓரத்தில் செம்பழுப்பு. 1995 ஏப்ரல் 1 அன்று ஹபிள் தொலைநோக்கி எடுத்தது. வகுப்பில் யாரோ ஒரு பையன், "அதெல்லாம் கம்ப்யூட்டர்ல கலர் போட்டது, பொய்" என்று சொல்லிவிட்டானாம். அன்றிலிருந்து அவளுக்கு மனசு ஆறவில்லை.

எடுத்ததும் உண்மை, கலர் போட்டதும் உண்மை என்றேன். "அப்ப பொய்தானே?" என்றாள். இல்லை என்பதைச் சொல்லி முடிக்க இரண்டு டீ ஆனது.

ஹபிளின் கேமராவுக்கு நிறம் தெரியாது. அதற்குள் இருப்பது சிலிக்கான் சில்லு. அதில் வரிசை வரிசையாகப் பொடிக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் தன்மேல் எவ்வளவு ஒளி விழுந்தது என்று கணக்கு வைக்கும். கடைசியில் பூமிக்கு வந்து சேர்வது ஓர் எண் அட்டவணை. பெரிய எண் உள்ள கட்டத்தை வெள்ளையாகவும் சின்ன எண் உள்ளதைக் கறுப்பாகவும் காட்டினால் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைக்கும். அவ்வளவுதான்.

அவள் கையில் இருந்த கைபேசியிலும் சிலிக்கான் சில்லுதான். ஆனால் அதன் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று நுண்ணிய வடிகட்டி ஒட்டியிருக்கும். அதனால் ஒரே அழுத்தில் கலர்ப் படம் வந்துவிடுகிறது. ஹபிளில் அப்படி ஒட்டவில்லை. முழுச் சில்லுக்கும் முன்னால் ஒரு வடிகட்டியை நிறுத்தி ஒரு படம்; அதை விலக்கி, இன்னொன்றை நிறுத்தி இன்னொரு படம். சின்ன வயதில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கண்ணில் வைத்துத் தெருவைப் பார்ப்போமே, அந்த வேலைதான். ஆனால் ஹபிளின் தாள் மிகவும் கறாரானது: ஒரு தனிமத்தின் ஒளியை மட்டும் உள்ளே விடும்.

அடுப்புத் தீயில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் சுடர் மஞ்சளாகிறது. அது சோடியத்தின் மஞ்சள். உப்பு எந்த ஊர் உப்பானாலும், அடுப்பு எந்த வீட்டு அடுப்பானாலும் அந்த மஞ்சள் மாறாது. ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படித் தனக்கே உரிய சில நிறங்கள் உண்டு. நெபுலாவில் இருக்கும் ஹைட்ரஜன் 656 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிர்கிறது. கந்தகம் 673இல், அதுவும் சிவப்புதான், இன்னும் கொஞ்சம் ஆழ்ந்த சிவப்பு. ஆக்சிஜன் 502இல், நீலம் கலந்த பச்சை. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் இந்த மூன்றுக்கும் தனித்தனி வடிகட்டி வைத்துப் படம் எடுத்தார்கள். வந்தவை மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒன்றில் ஹைட்ரஜன் எங்கே இருக்கிறது, ஒன்றில் கந்தகம் எங்கே, ஒன்றில் ஆக்சிஜன் எங்கே.

இந்த மூன்றையும் ஒரே தாளில் பார்க்க வேண்டும். சிவகாசியில் காலண்டர் அச்சடிப்பதை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். முருகன் படத்துக்கு நான்கு தகடு. தகட்டில் நிறம் கிடையாது; எந்த இடத்தில் எவ்வளவு மை என்ற கணக்குதான் இருக்கும். முதல் தகட்டுக்கு மஞ்சள், அடுத்ததற்கு ஊதாச் சிவப்பு என்று மையை மாற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தால் மயிலும் வேலும் வந்துவிடும். ஹெஸ்டரும் ஸ்கோவனும் அதையேதான் செய்தார்கள். மூன்றில் அலைநீளம் குறைந்த ஆக்சிஜனுக்கு நீல மை, நடுவில் இருந்த ஹைட்ரஜனுக்குப் பச்சை, நீளம் அதிகமான கந்தகத்துக்குச் சிவப்பு.

"ஆனா ஹைட்ரஜன் சிவப்புன்னு சொன்னீங்களே. அதுக்கு ஏன் பச்சை குடுத்தாங்க?"

சரியான இடத்தில் பிடித்தாள். ஹைட்ரஜனையும் கந்தகத்தையும் அவற்றின் சொந்தச் சிவப்பிலேயே விட்டிருந்தால் இரண்டும் கலந்து ஒரே சிவப்புக் குழம்பாகியிருக்கும். 656க்கும் 673க்கும் உள்ள வித்தியாசத்தை நம் கண் பிரித்துச் சொல்லாது. பிரித்துப் பார்ப்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் படம் எடுத்ததே. அருகில் இருக்கும் இளம் நட்சத்திரக் கூட்டத்திலிருந்து கொட்டும் புற ஊதாக் கதிர் அந்தத் தூண்களைச் சுட்டு ஆவியாக்குகிறது. கதிர் கடுமையாக அடிக்கும் இடத்தில் ஆக்சிஜன் ஒளிர்கிறது. தூணின் தோலை ஒட்டி, கதிரின் வேகம் தணியும் இடத்தில் கந்தகம். அதனால் படத்தில் நீலத்திலிருந்து சிவப்புக்கு நகர்வது, வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்வது மாதிரி. எந்தத் தூண் எந்தப் பக்கம் கரைகிறது என்பதை நிறத்தைப் பார்த்தே சொல்லலாம்.

பழைய ஸ்டுடியோக்களில் கல்யாணப் படத்துக்குக் கலர் தீட்டுவார்கள். புடவை அரக்கா பச்சையா என்று கேட்டுக்கொண்டோ, கேட்காமலோ, தூரிகையால் பூசுவார்கள். வகுப்புப் பையன் 'கலர் போட்டது' என்றபோது அவன் மனதில் இருந்தது இந்த வேலைதான். நெபுலா படத்தில் தூரிகை எந்த இடத்தையும் தொடவில்லை. எந்தத் தனிமத்துக்கு எந்த மை என்பதை மனிதர்கள் ஒரே ஒரு முறை முடிவு செய்தார்கள். அதன்பின் ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு மை என்பதைத் தீர்மானித்தது அங்கிருந்து வந்த ஒளி. இந்த வித்தியாசம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

மெருகேற்றும் வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. விண்வெளியில் திரியும் காஸ்மிக் கதிர்கள் சில்லில் மோதி வெள்ளை வெள்ளையாகக் கீறல் விழும். ஒரே காட்சியைத் திரும்ப எடுத்து, ஒன்றில் மட்டும் இருப்பதை நீக்குவார்கள். மிகப் பிரகாசமான இடமும் மிக மங்கலான இடமும் ஒரே படத்தில் தெரியும்படி எண்களின் வீச்சைச் சுருக்குவார்கள். 1995 படம் 32 தனிப் படங்களைச் சேர்த்துத் தைத்தது. அதன் மேல் மூலையில் படிக்கட்டு மாதிரி ஒரு வெட்டு இருக்கிறது. அவள் அதை யாரோ கிழித்தது என்று நினைத்திருந்தாள். அந்தக் கேமராவில் இருந்த நான்கு சில்லுகளில் ஒன்று மற்ற மூன்றைவிடச் சின்னப் பரப்பைக் கூடுதல் நுணுக்கத்துடன் பார்க்கும். மற்றவற்றின் அளவுக்குச் சுருக்கி ஒட்டும்போது அந்த மூலை காலியாக நின்றுவிடுகிறது. கறுப்பாகவே விட்டிருக்கிறார்கள். இல்லாததை வரைந்து நிரப்பவில்லை.

"சரி, ராக்கெட்ல பக்கத்துல போய்ப் பாத்தா எப்படி இருக்கும்?"

இதற்குப் பதில் பலருக்கும் ஏமாற்றமாக இருக்கும். அனேகமாகச் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கலான மூட்டம். தெருமுனையிலிருந்து நம் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரைப் பார்க்கிறோம். கிட்டே போனால் சுவர் பெரிதாகும், ஆனால் அதிக வெள்ளையாகாது. நெபுலாவும் அப்படித்தான். கிட்டே போனால் வானம் முழுக்க விரியும், பிரகாசம் கூடாது. அவ்வளவு மங்கலான ஒளியில் நம் கண்ணின் நிறம் காணும் செல்கள் வேலை செய்வதில்லை. நிலா வெளிச்சத்தில் செம்பருத்தி கறுத்துத் தெரிவது அதனால்தான். ஆகவே 'நேரில் பார்த்தால் தெரியும் நிறமே உண்மை' என்ற அளவுகோலை வைத்தால், 6,500 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் அந்த இடத்தைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியாமல் போகும். இடப்பக்கத் தூண் மட்டும் ஏறத்தாழ 4 ஒளியாண்டு நீளம். சூரியனுக்கும் அதன் அடுத்த நட்சத்திரத்துக்கும் நடுவில் உள்ள தூரமே அதைவிடச் சற்றுத்தான் அதிகம்.

இரண்டாவது டீ வந்தது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்து 2022 அக்டோபரில் வெளியான அதே தூண்களின் படத்தைத் தேடி எடுத்துத் தரச் சொன்னேன். பார்த்ததும், "இது வேற இடம்" என்றாள். அவ்வளவு நட்சத்திரங்கள். ஹபிளில் கனத்துத் திரண்டு நின்ற தூண்கள் இதில் பாதி ஊடுருவித் தெரிகின்றன. ஓரங்களில் செக்கச் சிவந்த புள்ளிகள்: பிறந்துகொண்டிருக்கும் நட்சத்திரங்கள்.

நம் கண் 0.7 மைக்ரோமீட்டரோடு நின்றுவிடுகிறது. வெப்பின் ஒரு கேமரா 5 மைக்ரோமீட்டர் வரையிலும், இன்னொன்று 28 வரையிலும் பார்க்கும். அகச்சிவப்பு. நீண்ட அலை தூசியைச் சுற்றிக் கடந்து வந்துவிடும். குறுகிய அலை தூசியில் முட்டிச் சிதறிவிடும். அதனால்தான் திரைக்குப் பின்னால் இருந்தவை முன்னால் வந்தன. அதே மாதக் கடைசியில் வெளியான இரண்டாவது கேமராவின் படத்தில் இன்னொரு தலைகீழ் மாற்றம்: நட்சத்திரங்களில் பெரும்பாலானவை காணவில்லை, தூசியே மேலோங்கி ஒளிர்கிறது. குளிர்ந்த தூசி அந்த நீண்ட அலைகளில்தான் வெளிச்சம் விடுகிறது. இந்த அலைகளுக்கு நம் கண்ணில் நிறமே கிடையாது என்பதால், வந்ததில் குறுகியதற்கு நீலம், நீண்டதற்குச் சிவப்பு என்று அதே வரிசையைக் கடைப்பிடிக்கிறார்கள். சங்கீதத்தில் சுருதியை இறக்கிப் பாடினாலும் ஸ்வர வரிசை கலையாமல் இருப்பது போல.

எல்லாப் படத்திலும் நிறத்துக்கு இத்தனை பொருள் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 2019 ஏப்ரல் 10 அன்று வெளியான எம்87 கருந்துளையின் படம் 1.3 மில்லிமீட்டர் ரேடியோ அலையில் பதிவானது. அதில் ஆரஞ்சு என்பது வெறும் பிரகாசத்தின் அளவு. நீல வளையமாகப் போட்டிருந்தாலும் அறிவியல் ஒரு துளி குறைந்திருக்காது.

அவளுக்கு விண்வெளியை விட்டு இறங்கி வரவும் ஒரு படம் காட்டினேன். காவிரி டெல்டாவின் செயற்கைக்கோள் படம். தஞ்சை, திருவாரூர் வயல்கள் ரத்தச் சிவப்பாக இருந்தன. தூண்களைப் பார்த்துப் பழகியிருந்ததால் இந்தத் தடவை அவள் 'பொய்' என்று சொல்லவில்லை, "இதுல சிவப்பு யாருக்கு?" என்று கேட்டாள். நான் சந்தோஷப்பட்ட இடம் அது. பச்சை இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பை ஏராளமாகத் திருப்பி அனுப்புகிறது. இலைக்குள் இருக்கும் காற்றறைகளிலும் செல் சுவர்களிலும் பட்டு அது சிதறி வெளியே வருகிறது. 1988இல் ஏவிய ஐஆர்எஸ்-1ஏ காலத்திலிருந்தே இந்தியத் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்கள் அந்த ஒளியையும் பதிவு செய்கின்றன. படம் தயாரிக்கும்போது அண்மை அகச்சிவப்புக்குச் சிவப்பு, சிவப்புக்குப் பச்சை, பச்சைக்கு நீலம் என்று ஒவ்வொன்றையும் ஒரு படி தள்ளி வைப்பது வழக்கம். அதனால் நன்றாக வளர்ந்த நெல் அடர்சிவப்பு. தெளிந்த தண்ணீர் கறுப்பு. பயிர் வாடினாலோ நோய் கண்டாலோ சிவப்பு வெளுக்கும். சில நேரம் வரப்பில் நிற்பவர் கண்ணுக்கு மஞ்சள் தட்டும் முன்பே.

ஒரே ஒரு தனிமத்தின் ஒளியில் பார்ப்பது ஹபிள் கண்டுபிடித்த வழி இல்லை. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கால்சியத்தின் ஒளியில் மட்டும், 393 நானோமீட்டரில், சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் பிடித்து வந்தார்கள். சாதாரண ஒளியில் எடுத்த படத்தில் சூரியன் ஒரு வெள்ளைத் தட்டு, அங்கங்கே கரும்புள்ளி. கால்சியம் ஒளியில் அதே கரும்புள்ளிகளைச் சுற்றிப் பிரகாசமான திட்டுகள் பரவிக் கிடக்கின்றன; காந்தப்புலம் வலுத்த இடங்கள் அவை. நூறாண்டுக்கும் மேற்பட்ட அந்தத் தகடுகள் இன்று எண்மமாக்கப்பட்டு, சூரியனின் காந்த வரலாற்றைப் படிக்க உதவுகின்றன. ஒரு நிறம்கூட இல்லாத கறுப்பு வெள்ளைப் படங்கள். கொடைக்கானலுக்குப் படகுத்துறையைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த மலை மேல் இப்படி ஒரு சொத்து இருப்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

ஒரு வருத்தமும் உண்டு. நாசாவோ ஐரோப்பிய விண்வெளி முகமையோ இத்தகைய படங்களை வெளியிடும்போது எந்த வடிகட்டிக்கு எந்த நிறம் என்று கூடவே எழுதுகிறார்கள். ஓவியர் வரைந்த கற்பனைப் படமானால் அதையும் சொல்கிறார்கள். கைமாறிக் கைமாறி நம்மிடம் வரும்போது படம் மட்டும் வருகிறது, அந்த வரி உதிர்ந்துவிடுகிறது. வேற்றுக் கோளின் கடற்கரை என்று ஓவியத்தைப் புகைப்படமாக நம்புவதும், உண்மையான நெபுலாவைப் பொய் என்று தள்ளுவதும் அந்த ஒரு வரி இல்லாததால்தான். பள்ளிப் புத்தகத்திலாவது அதைச் சேர்த்து அச்சிட வேண்டும்.

கடைசியாக அவளிடம் ஹபிளின் இன்னொரு படத்தைத் தேடச் சொன்னேன். 2014இல், புதிய கேமராவைக் கொண்டு, அதே தூண்களை ஹபிள் மறுபடி எடுத்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிட்டபோது, பிறந்துகொண்டிருக்கும் ஒரு நட்சத்திரம் பீய்ச்சியது போலத் தெரியும் மெல்லிய வாயுத் தாரை ஒன்று நீண்டிருந்தது. சுமார் 9,600 கோடி கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தை நாம் இங்கிருந்து பார்க்கும்போது, 1995 படத்தின் அளவில் அது இரண்டு மூன்று கட்டங்கள் நகர்ந்த மாதிரிதான். கட்டத்துக்குள் இருந்த எண்கள் கற்பனையாக இருந்திருந்தால் பத்தொன்பது ஆண்டுக்குப் பிறகு எடுத்த படத்தோடு எப்படிப் பொருந்தும்?

அவள் பிறந்தது அந்த இரண்டு படங்களுக்கும் நடுவில். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, இரண்டு படங்களையும் மாற்றி மாற்றித் தள்ளி, தாரை எந்த இடத்தில் என்று விரலால் பெரிதாக்கித் தேடிக்கொண்டிருந்தாள்.