கூடம் கோணலா? ‘ராஜி’ என்னும் கையடக்க ஆட்டத்தின் நிறைகளும் குறைகளும்

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தன் கால் தவறியதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், ஆடிய இடத்தின் மேல் பழி போடுவோரைக் கேலி செய்யும் பழமொழி இது. ஆனால் கூடம் உண்மையிலேயே கோணலாக அமைந்துவிட்டால் பழி யாரைச் சேரும்? ஆடியவரையா, கட்டியவரையா? இந்தக் கேள்வியை மனத்தில் கொண்டு, நம் நாட்டிலேயே உருவாகியும் நம் மாணவர்களில் மிகச் சிலரே அறிந்த ஒரு கையடக்க வீடியோ ஆட்டத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதன் பெயர் ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’.

வீடியோ ஆட்டம் என்றவுடன், “படிக்கிற பிள்ளைகள் பேச வேண்டிய பொருளா இது?” என்று ஆசிரியப் பெருமக்களில் சிலர் எண்ணக்கூடும். நாடகமும் சினிமாவும்கூட ஒரு காலத்தில் இந்தக் கேள்வியைச் சந்தித்தவைதாம். ஓவியம், இசை, கதை, கணிதம் ஆகிய நான்கும் கூடி நிற்கும் ஒரு படைப்பை விமர்சனக் கண்ணோடு பார்ப்பது வீண் வேலை ஆகாது.

ஆட்டமும் அதன் கதையும்

புனே நகரில் இயங்கும் ‘நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்’ என்னும் சிறிய குழுவினர் ‘ராஜி’யை உருவாக்கினர். 2017-ஆம் ஆண்டு ‘கிக்ஸ்டார்ட்டர்’ என்னும் ஏற்பாட்டின் மூலம் பொதுமக்களிடம் முன்பணம் திரட்ட அவர்கள் முயன்றார்கள். குறித்த தொகை சேரவில்லை. ஆயினும் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் ‘நிண்டெண்டோ ஸ்விட்ச்’ என்னும் கருவியில் ஆட்டம் முதன்முதலாக வெளிவந்தது. கையிலேயே வைத்து ஆடவும், வேண்டும்போது தொலைக்காட்சியோடு இணைக்கவும் ஏற்ற கருவி அது. அதே ஆண்டு அக்டோபரில் கணினிக்கும் பிற கருவிகளுக்கும் ஆட்டம் வந்து சேர்ந்தது.

கதை எளியது. ராஜியும் அவள் தம்பி கோலுவும் வித்தை காட்டிப் பிழைக்கும் அநாதைக் குழந்தைகள். ரக்ஷாபந்தன் விழாக் கூட்டத்தில் அசுரர்கள் புகுந்து தம்பியைத் தூக்கிச் செல்கின்றனர். துர்க்கையின் திரிசூலம் அக்காளின் கைக்கு வருகிறது. மகாபலாசுரன் என்னும் அசுரத் தலைவனை நோக்கி அவள் தனியே புறப்படுகிறாள். வழியெல்லாம் பாழடைந்த கோட்டைகள், இடிந்த மாடங்கள், நீர்நிலைகள். தாவுவதும், சுவரில் ஓடுவதும், விளிம்பைப் பற்றி ஏறுவதும், அசுரரோடு பொருதுவதுமே ஆட்டம்.

கோலப் புள்ளியும் கோணப் பார்வையும்

இந்த ஆட்டத்தின் உயிர் அதன் பார்வைக் கோணத்தில் இருக்கிறது. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தியாகராய நகர்ப் பேருந்து நிலையம் வரை 2023-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நடைமேம்பாலத்தில் நின்று கீழே சாய்வாகப் பார்ப்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். கடையின் முகப்பும் தெரியும், பக்கச் சுவரும் தெரியும், கூரையும் தெரியும். இப்படி மூன்று முகங்களையும் ஒருங்கே காட்டும் முறைக்கு வரைபட வகுப்பில் ஐசோமெட்ரிக் என்று பெயர். தூரத்தில் உள்ளதும் அருகில் உள்ளதும் இதில் ஒரே அளவாக வரையப்படும். இணைகோடுகள் கடைசி வரை இணைகோடுகளாகவே செல்லும்.

இதற்கான புள்ளித் தாளைக் கடையில் தேட வேண்டியதில்லை. நம் வீட்டு வாசலில் இடுக்குப் புள்ளிக் கோலத்துக்கு வைக்கும் புள்ளிகளே அந்தத் தாள். மேலே இரண்டு, நடுவில் மூன்று, கீழே இரண்டு என ஏழு புள்ளி வையுங்கள். வெளிப்புறத்து ஆறு புள்ளிகளையும் சேர்த்தால் அறுகோணம் கிடைக்கும். நடுப் புள்ளியிலிருந்து ஒன்று விட்டு ஒன்றாக மூன்று மூலைகளுக்குக் கோடு இழுங்கள். தாளைச் சற்றே திருப்பிப் பார்த்தால் ஒரு பெட்டி எழுந்து நிற்கும். இன்னும் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். அதே கோடுகள் வெளியே துருத்தும் பெட்டியாக இல்லாமல், உள்வாங்கிய அறை மூலையாக மாறித் தோன்றும். கோடு மாறவில்லை, கண்தான் மாறியது.

இங்கேதான் சங்கடம் தொடங்குகிறது. இம்முறையில் ஒரு பொருள் ஒரு கட்டம் மேலே உயர்ந்தாலும், மூலைவாக்கில் ஒரு கட்டம் பின்னே சென்றாலும், தாளில் அது வந்து சேரும் இடம் ஒன்றே. படத்தைப் பார்த்து ரசிப்பவருக்கு இதனால் நட்டம் இல்லை. அந்தப் படத்துக்குள் தாவ வேண்டியவளுக்கோ, எதிரே தெரியும் படி உயரத்தில் இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா என்பதுதான் வாழ்வா சாவா என்னும் கேள்வி.

இச்சிக்கல் ‘ராஜி’க்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1984-ஆம் ஆண்டு வெளிவந்த ‘நைட் லோர்’ இத்தகைய ஆட்டங்களுக்கு வழி வகுத்தது. நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பும் கணினி அது என்பதால் ஓர் அறைக்கு ஒரே நிறம் என்று வைத்தார்கள். 1987-இல் ஜான் ரிட்மனும் பெர்னி டிரம்மண்டும் சேர்ந்து ‘ஹெட் ஓவர் ஹீல்ஸ்’ செய்தனர். அவ்விருவரே 1990-களின் நடுவில் ‘கேம் பாய்’ என்னும் கையடக்கக் கருவிக்கு ‘மான்ஸ்டர் மேக்ஸ்’ என்னும் ஆட்டத்தைச் செய்தனர். 160-க்கு 144 புள்ளிகளும் நான்கே சாயல்களும் கொண்ட அந்தச் சிறு திரையில் முழு அறைகளை எழுப்பிக் காட்டிய கைத்திறன் வியப்புக்குரியது. ஆனால் ஆட்டம் பெயர் பெறாமலே போயிற்று. கையடக்கக் கருவியும் கோணப் பார்வையும் சேரும்போது எழும் இன்பமும் துன்பமும் முப்பது ஆண்டுகளாகத் தொடர்ந்து வருகின்றன என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

நிறைகள்

‘ராஜி’யின் முதற் சிறப்பு அதன் ஓவியம். இமயமலை அடிவாரத்துப் பஹாடி ஓவியங்களையும், ராஜஸ்தானத்துக் கோட்டை அரண்மனைகளையும் பார்த்துக் கற்றுக்கொண்ட வண்ணங்கள் அதில் உள்ளன. நம் பழைய சிற்றோவியங்களில் மாளிகைகள் தூரம் போகப் போகச் சிறுத்துக் குவிவதில்லை. முற்றமும் மாடமும் கூரையும் ஒரே நேரத்தில் நமக்குத் திறந்து காட்டப்படும். ஆகவே சாய்ந்த மேற்பார்வையை இந்தக் குழுவினர் தேர்ந்தது வெறும் வசதிக்காக என்று தோன்றவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட ஓவிய மரபுக்கே அது பொருந்துகிறது. கணினிக் காமிரா இதில் முழுக்க ஐசோமெட்ரிக் விதிப்படி நிற்பதில்லை. என்றாலும் உயரத்தில் ஒரு மூலையில் நிலைத்து நின்று, அந்த ஓவியத்தின் உணர்வைக் காக்கிறது.

இரண்டாவது சிறப்பு, கதை சொல்லும் முறை. இடையிடையே வரும் கதைக் காட்சிகள் நிழற்பாவைகளாக அசைகின்றன. நம் தென்மாவட்டங்களில் தோற்பாவைக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. சுவரோவியங்களின் முன் ராஜி நின்றால், துர்க்கையும் விஷ்ணுவும் தம்முள் பேசிக்கொண்டு பழங்கதைகளை விளக்குவார்கள். இந்திய வாசனை கொண்ட இசையை அமைத்தவர் லினோஸ் ட்செலோஸ் என்னும் கிரேக்கர் என்பது அறிந்து மகிழத்தக்க செய்தி.

மூன்றாவது சிறப்பு, கதாநாயகியின் உடல். அவள் அரசகுமாரியல்லள், கழைக்கூத்தாடிச் சிறுமி. சுவரில் ஓடித் திரும்பிப் பாய்வதும், தூணைப் பற்றிச் சுழன்று அடிப்பதும் அவள் தொழிலிலிருந்தே வருகின்றன. அவளுக்கு ஆடத் தெரியும் என்பது இதன் பொருள். வீரம் எங்கிருந்தோ வானத்திலிருந்து குதிக்கவில்லை. பிழைப்புக்குக் கற்ற வித்தையே போருக்கும் உதவுகிறது.

குறைகள்

இனிக் குறைகளைக் காண்போம். முதற்குறை, மேலே சொன்ன கோணத்தால் வந்தது. காமிராவை ஆடுபவர் தம் விருப்பம்போல் திருப்ப முடியாது. ஆகவே சில தாவல்களில், விளிம்பு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் ராஜி பள்ளத்தில் விழுகிறாள். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் குளத்தை மாடியிலிருந்து பார்க்கும்போது படிக்கட்டுகள் கோடுகளாகவே தெரியும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் எத்தனை உயரம் என்று இறங்கி நின்றால்தான் விளங்கும். அதுபோன்ற நிலைதான் இது. இவ்விடங்களில் தவறு ஆடுபவருடையதன்று. கூடம் கோணல் என்று அவர் சொன்னால், நகைக்காமல் கேட்க வேண்டும்.

இரண்டாவது குறை, கையடக்கக் கருவியில் ஆடும்போது பெரிதாகிறது. கோட்டையின் பிரம்மாண்டத்தைக் காட்டக் காமிரா வெகுதூரம் பின்வாங்குகிறது. தொலைக்காட்சியில் பார்த்தால் மனம் சிலிர்க்கும். ஸ்விட்சின் திரையோ 6.2 அங்குலம். அதில் ராஜி எறும்பாகிவிடுகிறாள். எதிரியின் கை ஓங்குவது தெரிவதற்குள் அடி விழுந்துவிடுகிறது. ஓவியத்துக்கு நன்மை செய்த அதே தூரம் ஆட்டத்துக்குக் கேடு செய்கிறது.

மூன்றாவது குறை, அளவு. பழகியவர் ஐந்தாறு மணி நேரத்தில் ஆட்டத்தை முடித்துவிடலாம். சிறிதாக இருப்பது குற்றமன்று. ஆனால் தம்பியைத் தேடி வந்த அக்காளின் கதைக்கு நிறைவான முடிவு இல்லாமல், திரை சட்டென விழுகிறது. அசுரனோடு பொருத களைப்பு தீருமுன்னே கதை அறுந்துபோன ஏமாற்றமே மிஞ்சுகிறது.

நான்காவதாக ஒன்று சொல்ல வேண்டும். முதற்பதிப்பில் ராஜி பேசியது ஆங்கிலம். ராஜஸ்தானத்து மாடத்தில் நின்று ஆங்கிலத்தில் அவள் தம்பியை நினைந்து உருகுவது, கண் காண்பதையும் செவி கேட்பதையும் பிரித்துவிடுகிறது. 2022-இல் வந்த திருத்திய பதிப்பில் போர் முறை சீர் செய்யப்பட்டது, இந்திக் குரலும் சேர்ந்தது. குறையை அறிந்து திருத்திக்கொண்ட இச்செயல் பாராட்டுக்குரியது.

கவனிக்கப்படாமல் போனது ஏன்?

2020-ஆம் ஆண்டு ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த முதற்படைப்புக்கான பரிந்துரைப் பட்டியலில் ‘ராஜி’ இடம்பெற்றது. பரிசு ‘ஃபாஸ்மோஃபோபியா’ என்னும் வேறோர் ஆட்டத்துக்குப் போயிற்று. உலக மேடையில் பெயர் ஒலித்த படைப்பு நம் தெருக்களில் ஒலிக்கவில்லை. காரணம் தேடக் கடினமில்லை. முதலில் வெளியான கருவிக்கு நம் நாட்டில் அந்நிறுவனத்தின் நேரடி விற்பனை அப்போது கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கொண்டுவந்தாலோ, இறக்குமதிக் கடையில் கூடுதல் விலை கொடுத்தாலோதான் உண்டு. இந்தியக் கதையை இந்தியர் செய்ய, முதலில் ஆடியவர் பெரும்பாலும் வெளிநாட்டார். போதாததற்கு அது கொரோனா ஊரடங்குக் காலம். பின்னர் நெட்பிளிக்ஸ் வழியாகக் கைப்பேசிக்கும் ஆட்டம் வந்தது. அதற்குள் புதுமை என்ற பேச்சு அடங்கிவிட்டது. இதன் தொடர்ச்சியாக ‘ராஜி: கலியுகா’ 2025-இல் அறிவிக்கப்பட்டது.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

நம்மவர் படைப்பு என்றால் இரண்டு விதமாகப் பேசுவது நம் வழக்கமாகிவிட்டது. “நம் நாட்டுச் சரக்கு, குறை சொல்லாதே” என்பது ஒன்று. “நம்மவரால் இவ்வளவுதான் முடியும்” என்பது மற்றொன்று. இரண்டுமே படைத்தவருக்கு உதவாது. முன்னது அவரைத் திருத்தாது, பின்னது அவரை எழவே விடாது. ‘ராஜி’யில் நிறையும் குறையும் தனித்தனி இடங்களிலிருந்து வரவில்லை. எந்தக் கோணம் அதை ஓவியமாக்கிற்றோ, அதே கோணம்தான் தாவுபவளின் காலை வாரிற்று. ஆகவே “அழகு நன்று, ஆட்டம் சுமார்” என்று மதிப்பெண் பிரித்துப் போடுவதில் பயனில்லை. அழகைக் கெடுக்காமல் காலுக்கு எப்படி வழி காட்டுவது என்று கேட்பதே பயனுள்ள விமர்சனம்.

வழிகளும் இல்லாமல் இல்லை. தாவுபவளின் நேர்கீழே நிழல் விழுந்தால், உயரமும் தூரமும் அக்கணமே பிரிந்து தெரியும். ஏறத்தக்க விளிம்புகளுக்கு மாக்கோலம்போல் ஒரு வெள்ளைக் கோடு இட்டால் கண் தடுமாறாது. கையடக்கத் திரைக்கென்று காமிராவைச் சற்றே அருகில் கொண்டுவரலாம். இவை பெரும் பொருட்செலவு கேட்பவை அல்ல. ஆடிப் பார்த்தவர் சொல்லைக் கட்டுபவர் கேட்க வேண்டும், அவ்வளவே.

மார்கழியிலும் தையிலும் மயிலாப்பூர் மாட வீதிகளில் இடுக்குப் புள்ளி வைக்கும் கைகள் எத்தனை! அந்தப் புள்ளிகளுக்குள் பெட்டியும் படியும் கோபுரமும் ஒளிந்து கிடக்கின்றன. கணிதம் பயிலும் நண்பரும், வரலாறு பயிலும் நண்பரும், கணினி அறிவியல் பயிலும் நண்பரும் நம் கல்லூரியிலேயே ஒரே மர நிழலில் அமர்ந்து உண்கிறோம். புனேயில் ஒரு சிறு குழுவினர் ராஜஸ்தானத்து மாடங்களைக் கொண்டு செய்ததை, நம் தெப்பக்குளத்துப் படிகளைக் கொண்டு நம்மால் செய்ய முடியாதா? செய்யும்போது படியின் ஓரத்தில் அந்த வெள்ளைக் கோட்டை மட்டும் மறவாமல் இட்டுவிடுவோம்.