சத்தம் போடும் ஃப்ளஷ் டேங்க்: கேட்டே பழுதைக் கண்டுபிடிக்கலாம்

கழிப்பறையில் எழும் சத்தங்களுக்குப் பெரும்பாலும் மூன்றே காரணங்கள்தான். குறுகிய இடைவெளியில் தண்ணீர் பீறிட்டால் சீறல் எழும். ஓடுகிற தண்ணீர் சட்டென்று நின்றால் குழாய் அதிரும். காற்று போகும் வழி அடைபட்டால் கோப்பை குமுறும். எந்தச் சத்தம், எப்போது வருகிறது என்று கவனித்தாலே பழுதான பாகம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். டேங்கையே மாற்ற வேண்டும் என்று நினைக்கிற பல வீடுகளில் ஒரு வாஷரோடு வேலை முடிந்துவிடும்.

காரைக்காலில் இந்தப் பழுதுகளுக்கு நிலமும் நீரும் ஒரு காரணம். அரசலாறு உள்ளிட்ட காவிரிக் கிளைகள் கடலில் சேரும் கடைமடைப் பகுதி இது. கடலை நெருங்க நெருங்க நிலத்தடி நீர் உவர்க்கிறது. போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள் வால்வின் நுண்துளைகளில் வெள்ளைப் படிவாகக் கட்டிக்கொள்கின்றன. மழைக்காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் ஏறி செப்டிக் டேங்கையும் நெருக்குகிறது.

இடைவிடாத சீறல்

டேங்குக்குள் முக்கியமானவை இரண்டு வால்வுகள். மிதவையோடு சேர்ந்த மேல் வால்வு தண்ணீரை உள்ளே விடும். அடியில் ரப்பர் வாஷரோடு இருக்கும் வால்வு, பொத்தானை அழுத்தினால் தண்ணீரைக் கோப்பைக்குள் இறக்கும். டேங்க் நிரம்பும்போது மிதவை உயர்ந்து மேல் வால்வின் வழி சுருங்குகிறது. அந்தக் கடைசி நொடிகளில் சீறல் கேட்பது இயல்பு. டேங்க் நிரம்பிய பிறகும் தொடர்ந்தால், அல்லது யாரும் பயன்படுத்தாத நள்ளிரவில் தானாகக் கேட்டு அடங்கினால், எங்கோ கசிகிறது.

கசிவு எந்த வால்வில் என்பதை அறிய, டேங்க் நிரம்பியதும் சுவரோரம் உள்ள ஆங்கிள் வால்வை மூடி, நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்துவைக்க வேண்டும். அரை மணி நேரத்தில் மட்டம் இறங்கியிருந்தால் அடி வாஷர் கசிகிறது. டேங்கில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டால், ஃப்ளஷ் செய்யாமலே கோப்பையில் நிறம் தெரிவதும் இதையே உறுதிசெய்யும். மட்டம் இறங்காமல், ஆங்கிள் வால்வைத் திறந்ததும் ஓவர்ஃப்ளோ குழாய் வழியே தண்ணீர் வழிந்தால் குறை மேல் வால்வில்.

சிறு கசிவின் அளவை ஒரு கணக்கில் காணலாம். உட்புறம் 40 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் உள்ள டேங்கில் நீர்மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 600 மி.லி. போயிற்று என்று பொருள். அது அரை மணி நேரக் கசிவு என்றால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 29 லிட்டர்.

ஊளையும் ரீங்காரமும்

நிரம்பும்போது ஊளை போன்ற நீண்ட ஒலி வந்தால் மேல் வால்வின் வாஷர் தேய்ந்தோ விறைத்தோ இருக்கிறது. விரைந்து செல்லும் நீர் அதை இழுத்து மூடப் பார்க்கிறது. வழி சுருங்கியதும் அழுத்தம் ஏறி மீண்டும் திறக்கிறது. நாதஸ்வரத்தின் சீவாளி காற்றில் அதிர்வதுபோல வாஷர் தண்ணீரில் அதிர்கிறது. குழாயும் சுவரும் அந்த அதிர்வைப் பெருக்கிக் காட்டுகின்றன. மிதவையைக் கையால் உயர்த்தியதும் ஒலி அடங்கினால் குறை அந்த வால்வில்தான்.

ஆங்கிள் வால்வை மூடி, டேங்கைக் காலி செய்து, வாஷரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உப்புப் படிவு மட்டும் என்றால் எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ சிறிது நேரம் ஊறவைத்தால் போதும். அமிலம் பட்டதும் கால்சியம் கார்பனேட் கரைந்து கார்பன் டை ஆக்சைடு குமிழ்கள் எழும். ரப்பர் பள்ளம் விழுந்திருந்தால் புதிது போடுவதே நல்லது. டாய்லெட் ஆசிட்டை டேங்குக்குள் ஊற்றக் கூடாது. உலோகப் பாகங்களை அது அரித்துவிடும். அதைப் பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

குழாய் ‘டொம்’ என்று அடித்தால்

ஓடும் தண்ணீர் திடீரென்று நிறுத்தப்பட்டால் அதன் வேகம் அழுத்த அலையாக மாறிக் குழாய் நெடுக ஓடுகிறது. ரஷ்ய விஞ்ஞானி நிக்கோலாய் ஜுகோவ்ஸ்கி மாஸ்கோ குடிநீர்க் குழாய்களில் இதை ஆராய்ந்து 1898இல் விதியாக வகுத்தார். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரைச் சட்டென்று நிறுத்தினால் இரும்புக் குழாயில் ஏறத்தாழ 12 வளிமண்டல அழுத்தம் கூடும். பிவிசி குழாய் சற்று விரிந்து கொடுப்பதால் அதில் சுமார் 4தான்.

மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீரில் இந்த அடி குறைவு. 6 மீட்டர் உயரம் தருவது 0.6 வளிமண்டல அழுத்தமே. பிரஷர் பம்ப் உள்ள வீடுகளில்தான் தொல்லை அதிகம். ஆங்கிள் வால்வைச் சற்றுக் குறைத்துத் திறப்பதும், ஆடும் குழாயைக் கிளாம்ப் போட்டு இறுக்குவதும் பெரும்பாலும் போதும்.

கோப்பை குமுறினால்

கோப்பைக்கு அடியில் வளைந்த பகுதியில் நிற்கும் தண்ணீர் சாக்கடை வாயுவை வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கிறது. லண்டனில் கடிகாரம் செய்துவந்த ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் கம்மிங் 1775இல் காப்புரிமை பெற்ற கழிப்பறையில் இந்த வளைவு இருந்தது. ஃப்ளஷ் செய்த நீர் குழாயில் இறங்கும்போது பின்னால் காற்று நுழைய வேண்டும். அதற்கான காற்றுக்குழாய் குப்பையாலோ பறவைக் கூட்டாலோ அடைபட்டிருந்தால் காற்று வளைவில் நிற்கும் நீரைக் கிழித்துக்கொண்டு வருகிறது. ‘களக் களக்’ என்று கேட்கிறது. குளியலறைத் தரை வடிகாலும் சேர்ந்து குமுறினால் பொதுக் குழாயிலோ செப்டிக் டேங்கிலோ அடைப்பு.

காரைக்காலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண் நீரால் நிறைந்துவிட்டால், செப்டிக் டேங்கின் கழிவுநீரை உறிஞ்சுகுழி வாங்காது. கோடையில் அமைதியாக இருந்த கழிப்பறை மழையில் மட்டும் குமுறினால் இதுவே காரணம். அப்போது டேங்கை முழுதாக உறிஞ்சி எடுப்பதும் ஆபத்து: சுற்றியுள்ள நிலத்தடி நீர் காலி டேங்கை மேலே தூக்கிவிடலாம். மழை நாளில் ஓரளவு மட்டும் எடுத்து, நீர்மட்டம் இறங்கிய பிறகு முழுதாகச் சுத்தம் செய்வது பாதுகாப்பு. வேலையை உறிஞ்சு லாரியிடம் விட வேண்டும். உள்ளே சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சில நொடிகளில் ஆளை வீழ்த்தக்கூடும். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடைசெய்கிறது.

வாஷர், மிதவை, கிளாம்ப் ஆகியவை வீட்டிலேயே சரிசெய்யக்கூடியவை. புது வாஷர் போட்ட பிறகும் பென்சில் கோட்டுக்குக் கீழே நீர் இறங்கினால், அல்லது காற்றுக்குழாய் சுத்தமாக இருந்தும் குமுறல் நிற்காவிட்டால், பிளம்பரை அழைக்கலாம். அவரிடம் எந்தச் சத்தம், எந்த நேரம், எந்தச் சோதனையில் என்ன தெரிந்தது என்று சொன்னால், தேவையில்லாத பாகங்களை மாற்றும் செலவு மிச்சமாகும்.