வயிற்றுக்குள் புடைக்கும் குழாய்

தாசேக் கெலுகோர் பக்கம் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் மாணவர்கள் இதைப் பார்த்திருக்கலாம். டயர் ஓரிடத்தில் தேய்ந்து மெலிந்தால், உள்ளே இருக்கும் டியூப் அங்கே கொப்புளம்போல் புடைக்கும். காற்றின் அழுத்தம் கூடவில்லை. சுவர்தான் பலம் இழந்தது. நம் உடலிலும் இப்படி நடப்பதுண்டு.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குள் இறங்குகிறது. அங்கே அதன் விட்டம் சுமார் 2 செ.மீ. சுவரிலுள்ள எலாஸ்டின் என்ற மீள்தன்மை கொண்ட புரத இழைகள் சிதைந்தால் அவ்விடம் விரியும். 3 செ.மீ. எட்டிவிட்டால் அது 'வயிற்றுப் பெருந்தமனி வீக்கம்'. குழாயின் ஆரம் இரு மடங்கானால், அதே இரத்த அழுத்தத்தில் சுவர் தாங்க வேண்டிய இழுவிசையும் இரு மடங்காகிறது. அதனால் விரிந்த சுவர் மேலும் விரிகிறது. பெரும்பாலும் வலியே இருக்காது. வெடித்தாலோ, பத்தில் எட்டுப் பேர் பிழைப்பதில்லை.

ஐன்ஸ்டைன் இறந்தது இந்த நோயால்தான். 1948-இல் ருடால்ஃப் நிசென் என்ற அறுவை மருத்துவர் அவருடைய வீக்கத்தின்மீது செலோபேன் தாளைச் சுற்றினார். ஆம், பொட்டலம் கட்டும் அதே செலோபேன்! அதைச் சுற்றி வடுத்திசு வளர்ந்து சுவரைத் தாங்கும் என்பது கணக்கு. ஆறாண்டுகளுக்கு மேல் ஓடின. 1955 ஏப்ரலில் வீக்கம் வெடித்தது. மறு அறுவை சிகிச்சையை அவர் ஏற்கவில்லை. அவர் நெடுங்காலம் பைப் புகைத்தவர்.

புகைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நாட்டு அளவிலான எண்களிலும் பார்க்கலாம். பிரிட்டனில் 1974-இல் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் புகைத்தார்கள். 1990-களின் பிற்பகுதியில் அங்கே நடந்த பெரிய ஆய்வில், 65 முதல் 74 வயது ஆண்களில் சுமார் 5 விழுக்காட்டினருக்கு இந்த வீக்கம் இருந்தது. இன்று இங்கிலாந்தில் 65 வயது ஆண்களைப் பரிசோதித்தால் சுமார் 1 விழுக்காட்டினருக்கே இருக்கிறது. வயது வரம்பு வேறு என்பதால் இரண்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனாலும் சரிவு உண்மையானதே. இரத்த அழுத்த மாத்திரைகளுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் பெரும்பங்கு சிகரெட்டைக் கைவிட்டதற்குத்தான். புகை, எலாஸ்டினைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டுகிறது.

எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு நாட்டில் ஸ்கேன் இயந்திரங்கள் பெருகினால், நோய் கூடாமலேயே 'நோயாளிகள்' கூடுவார்கள். வீட்டில் திடீரென இறந்தவரைப் பிரேதப் பரிசோதனை செய்யாவிட்டால், அவர் மாரடைப்புக் கணக்கில் சேர்ந்துவிடலாம்.

மலேசியாவில் இந்த வீக்கத்துக்கென நாடு தழுவிய பரிசோதனைத் திட்டம் இல்லை. பிரிட்டனில் வாழும் தெற்காசிய ஆண்களிடம் இது வெள்ளையரைவிடக் குறைவு என்பது நமக்கு நல்ல செய்தி. வியப்பான இன்னொன்று: நீரிழிவு உள்ளவர்களுக்கும் இது குறைவாகவே வருகிறது. அதற்காக யாரும் கூடுதலாகச் சீனி போட வேண்டாம். இதயமும் சிறுநீரகமும் சும்மா விடாது.

ஆனால் 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி நம் நாட்டு ஆண்களில் சுமார் 40 விழுக்காட்டினர் புகைத்தார்கள். புகைக்கும் நோய்க்கும் இடையே பல பத்தாண்டு இடைவெளி உண்டு. இன்று இருபது வயதில் புகைப்பவரின் கணக்கு 2060-களில்தான் தெரியவரும்.

65 வயதைத் தாண்டிய, புகைத்த பழக்கமுள்ள தாத்தா வீட்டில் இருந்தால் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த வீக்கம் இருந்தவர்களும் கேட்க வேண்டும். வயிற்றின்மேல் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். சிறிய வீக்கமென்றால் அவ்வப்போது அளந்து பார்ப்பார்கள், ஆண்களுக்கு 5.5 செ.மீ. எட்டினால் சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள். இப்போது செலோபேன் இல்லை. தொடை வழியாகத் துணியுறை போர்த்திய கம்பிக் குழாயை உள்ளே செலுத்தி, இரத்தத்துக்குப் புதுப் பாதை அமைக்கிறார்கள்.