பின் அச்சின் எண்ணெயும் பேரிங்கின் ஆயுளும்

நூற் சிப்பங்களைக் கொணரவும், நெய்த துணிகளைக் கிடங்கிற்கு அனுப்பவும், விளைபொருள்களைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் இன்று நாம் நம்பியிருப்பது மோட்டார் வண்டியையே. எஞ்சினின் எண்ணெயை நாள்தோறும் பார்க்கும் ஓட்டுநர்களும், பின் அச்சின் நடுவிலுள்ள டிபரென்ஷியலை மறந்துவிடுவதுண்டு. கட்டை வண்டியின் அச்சில் மை வற்றினால் அது கிறீச்சிட்டு ஊரை எழுப்பும். டிபரென்ஷியலோ இரும்புக் கூட்டினுள் அடைபட்டிருப்பது. அது ஓசையிடத் தொடங்கும் பொழுது, பெரும்பாலும் பேரிங்கு கெட்டிருக்கும்.

வளைவில் திரும்புங்கால் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட மிகுதியான தூரம் உருளவேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தருவதே டிபரென்ஷியலின் பணி. எஞ்சினிலிருந்து வரும் ஆற்றலைப் பினியன் என்னும் சிறு பற்சக்கரம், கிரௌன் என்னும் பெரும் பற்சக்கரத்திற்கு அளிக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் இங்கு எண்ணெயைச் செலுத்தப் பம்பு கிடையாது. கிரௌன் சக்கரமே அடியிலுள்ள எண்ணெயை வாரி இறைக்கிறது. அவ்வெண்ணெய் உள்வழியே ஓடிப் பினியனின் முன் பேரிங்கை அடைகிறது. வாய்க்காலில் நீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை. கூட்டில் எண்ணெய் குறைந்தால் முதலில் காய்வது பொதுவாக இந்த முன் பேரிங்கே. பேரிங்கு தேய்ந்தால் பினியன் இடம் பெயரும். பற்கள் ஒழுங்காகப் பொருந்தாமல் முறியும். முடிவில் ஓடும் வண்டியே இறுகி நிற்கவுங்கூடும்.

இவ்வெண்ணெய் எரிந்து தீர்வதன்று. குறைந்ததாயின் கசிந்தது என்பதே பொருள். பினியன் சீலையும், சக்கரங்களின் உட்புறத்தையும் பார்க்க. கூட்டின் மேலுள்ள மூச்சுக்குழாய் சேற்றால் அடைபடின், சூட்டில் விரியும் காற்று எண்ணெயைச் சீல்களின் வழியே வெளியே தள்ளும். சக்கரப் பக்கக் கசிவு பிரேக்கை நனைத்தால் உயிருக்கே இடர்.

அளவு பார்த்தல் எளிது. சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு அணை கொடுத்து, சூடு தணிந்தபின் எண்ணெய் ஊற்றும் துளையின் மூடியைத் திறக்க. பொதுவாகத் துளையின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் நிற்கவேண்டும். விரலை நுழைத்து அறியலாம். அளவுக்கு மிஞ்சி ஊற்றுவதும் தீதே. எஞ்சின் எண்ணெய் இங்கு உதவாது. கைந்நூலில் குறித்த கியர் எண்ணெயே வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளது. காரணத்தைச் சீராக்கி, எண்ணெயையும் மாற்றுக. மாற்றும்பொழுது, ஊற்றும் மூடி கழலுகிறதா என்று முதலில் உறுதிசெய்த பின்னரே வடிமூடியைத் திறக்க. வடிமூடியின் காந்தத்தில் மென்மையான சாம்பல்நிறக் குழம்பு ஒட்டியிருத்தல் இயல்பு. இரும்புச் சில்லுகள் அபாயக் குறி.

வேகத்தோடு ஏறும் ஊளை கேட்டால், எண்ணெய் ஊற்றி ஓட்டிவிடலாம் என்று எண்ணற்க. தேய்ந்த பேரிங்கை எண்ணெய் திருப்பித் தராது. உடனே பட்டறைக்குக் காட்டுக.

அளவு பார்த்த நாளையும், வண்டி ஓடிய கிலோமீட்டரையும் சங்கக் கணக்கேட்டில் பதிந்து வருவோமாக. சிறிதளவு எண்ணெயைக் காலத்தில் ஊற்றுவோர், அறுவடை நாளில் வண்டியின்றித் தவியார்.