கீழ்நிலைக் கால்பந்து லீக் இயங்கும் விதம்

கால்பந்துப் போட்டிகளை நடத்துவதற்கு இரண்டு முறைகள் உண்டு. தோற்ற அணி அன்றே வெளியேறிவிடும் ‘நாக் அவுட்’ முறை ஒன்று. எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதி, மாதக்கணக்கில் சேர்த்த புள்ளிகளைக் கொண்டு வரிசைப்படுத்தப்படும் லீக் முறை மற்றொன்று. முன்னது ஓர் அணியின் ஒரு நாள் ஆட்டத்தையும், பின்னது அதன் தொடர்ந்த உழைப்பையும் அளக்கின்றன.

லீக் அட்டவணை தயாரிப்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஆறு அணிகள் இருந்தால் அவற்றை இரு வரிசைகளில் எதிரெதிரே மும்மூன்றாக எழுத வேண்டும். எதிரெதிரே நிற்பவை முதல் சுற்றில் மோதும். அடுத்த சுற்றுக்கு ஓர் அணியை மட்டும் இடம்பெயராமல் நிறுத்தி, மற்ற ஐந்தையும் கடிகார முள்ளின் திசையில் ஓரிடம் நகர்த்தினால் புதிய மூன்று ஜோடிகள் கிடைக்கும். இவ்வாறு ஐந்து சுற்றுகளில் 15 ஆட்டங்கள் முடியும்போது, எந்த ஜோடியும் விடுபடாமலும் திரும்ப வராமலும் எல்லா அணிகளும் மோதியிருக்கும். சொந்த மைதானத்தில் ஒருமுறை, எதிரணியின் மைதானத்தில் ஒருமுறை என்று வைத்தால் ஆட்டங்கள் 30 ஆகும்.

வெற்றிக்கு மூன்று புள்ளிகள், சமனுக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்றுமில்லை என்பது இன்றைய விதி. வெற்றிக்கு இரண்டே புள்ளிகள் இருந்த காலத்தில் இரு சமன்கள் ஒரு வெற்றிக்கு ஈடாக இருந்ததால், அணிகள் தற்காப்பிலேயே ஒதுங்கின. அதை மாற்ற 1981இல் இங்கிலாந்து மூன்று புள்ளி முறையைக் கொண்டுவந்தது, 1994இல் உலகக் கோப்பையும் அதை ஏற்றது. புள்ளிகள் சமமானால், அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்து வரும் கோல் வித்தியாசம், அணிகள் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களின் முடிவு போன்றவற்றில் ஒன்று, அந்தந்த லீக்கின் விதிப்படி, வரிசையைத் தீர்மானிக்கும்.

பட்டம் வெல்லும் வாய்ப்பை இழந்துவிட்ட அணிகளும் கடைசி நாள்வரை முனைப்போடு ஆடுவதற்குக் காரணம் ஏற்றமும் இறக்கமுமே. பட்டியலின் உச்சியில் முடிப்பவை அடுத்த பருவத்தில் மேல் டிவிஷனுக்கு ஏறும். அடியில் முடிப்பவை கீழ் டிவிஷனுக்கு இறங்கும். ஆகவே இறங்கும் இடத்துக்கும் அதற்கு மேலே தப்பிக்கும் இடத்துக்கும் நடுவேயுள்ள ஒரு புள்ளி, முதலிடத்துக்கான புள்ளியைவிடவும் சில சமயம் கனமாகிவிடுகிறது.

இந்தியாவில் இத்தகைய ஏணி உச்சிவரை நீண்டது அண்மையில்தான். 2014இல் தொடங்கி, பின்னர் உச்சப் படியான இந்தியன் சூப்பர் லீக் நெடுங்காலம் கீழிருந்து யாரையும் ஏற்கவில்லை. அதற்கு அடுத்த படியான ஐ-லீக்கை 2022-23இல் வென்ற பஞ்சாப் அணியே அவ்வழியாக ஏறிய முதல் அணி, அடுத்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங் ஏறியது. அதே சமயம் அடியில் ஐ-லீக் 3 என்ற புதிய படியும் 2023இல் சேர்ந்தது. அந்தப் படியில் தொடங்கிய ஸ்போர்ட்டிங் கிளப் பெங்களூரு, அதை வென்று ஐ-லீக் 2க்கு ஏறி, அதே பருவத்தில் அதையும் வென்று ஐ-லீக்கை எட்டியது. ஆனால் 2024-25இல் அங்கே நிலைக்க முடியாமல் இறங்கியது. ஏறுவதற்குத் திறமையான ஓர் அணியும் நல்ல ஒரு பருவமும் போதும். நிலைப்பதற்கு மைதானம், இளையோர் அணிகள், தகுதிச் சான்று பெற்ற பயிற்சியாளர்கள், பயணச் செலவுக்குப் பணம் ஆகிய அனைத்தும் வேண்டும்.

ஏணி எவ்வளவு கீழே தொடங்கலாம் என்பதற்கு எஸ்தோனியா நல்ல எடுத்துக்காட்டு. அந்நாட்டின் மக்கள்தொகை 13 லட்சத்துக்குச் சற்று அதிகம். 2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலை மாவட்டத்தில் மட்டும் 24 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். ஆயினும் எஸ்தோனியாவில் உச்ச டிவிஷனான மெய்ஸ்த்ரிலீகாவுக்குக் கீழே எசிலீகா, எசிலீகா பி என்று படிகள் இறங்கி, நான்காம் லீகா வரை செல்கின்றன. மேல் மூன்று படிகளிலும் பத்துப் பத்து அணிகள், மற்ற ஒவ்வோர் அணியோடும் நான்கு முறை மோதி 36 ஆட்டங்கள் ஆடுகின்றன; பனி உறையும் மாதங்களை விலக்கிப் பருவம் மார்ச்சில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. ஃப்ளோரா, லெவாதியா போன்ற பெரிய சங்கங்களின் இரண்டாம் அணிகள் எசிலீகாவை வென்றாலும், தாய் அணி ஏற்கெனவே மேலே இருப்பதால் ஏற முடியாது. அந்த வாய்ப்பு அவற்றுக்குக் கீழே முடித்த அணிக்குப் போய்ச் சேரும். அடிப்படிகளில் வட்டாரவாரியாகப் பிரிவுகள் வகுக்கப்படுவதால், வேலைக்குப் போகும் ஆட்டக்காரர்கள் பக்கத்து ஊருக்குச் சென்று ஆடிவிட்டு அன்றே வீடு திரும்ப முடிகிறது.

தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையோடு ஒப்பிட்டால் இந்த வட்டாரப் பிரிவு ஏற்பாட்டின் பொருள் தெளிவாகும். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவியுள்ள இம்மலையில், ஜமுனாமரத்தூரில் ஓர் அணி உருவானால் அது திருவண்ணாமலை மாவட்டக் கணக்கிலும், மலையின் மறுபுறம் காவலூரில் உருவாகும் அணி திருப்பத்தூர் மாவட்டக் கணக்கிலும் வரும். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒரே லீக்கில் சேராமல் போகலாம். தமிழ்நாட்டில் பல டிவிஷன்கள் கொண்ட லீக் ஆட்டத்தின் மையம் சென்னையாகவே இருந்துவந்திருப்பதால், மலை அணிக்குத் தொடர்ந்து லீக் ஆடுவது என்பதே நெடுந்தூரப் பயணமாகிறது. மாவட்ட எல்லையைப் பாராமல், பேருந்தில் எட்டும் தொலைவைக் கொண்டு வகுக்கப்படும் சிறு வட்டார லீக் ஒன்றுக்கு ஆறு அணிகளும், பத்து வாரங்களும், முன்பு சொன்ன எளிய அட்டவணையும் போதுமானவை. அந்த லீக்கில் வெல்லும் அணி ஏறுவதற்கு மேலே ஒரு படி உறுதியாக இருந்தால்தான் அது உண்மையான கீழ்நிலை லீக் ஆகும். இல்லையெனில் அதுவும் ஆண்டுதோறும் நடந்து முடியும் இன்னொரு கோப்பைப் போட்டியாகவே நின்றுவிடும்.